சட்டை பட்டனுக்கு டெஸ்ட் இருக்கு... வீட்டு ஜன்னலுக்கு? பழைய பெயின்ட்டைச் சுரண்டும் முன் இதைப் படியுங்கள்!

திருப்பூரில் தைத்து அமெரிக்காவுக்குப் போகும் குழந்தைச் சட்டை ஒன்றில் நான்கு பிரஸ் பட்டன்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பட்டன்களின் கலர் பூச்சில் காரீயம் இருந்தால், அது 10 லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது. பட்டனின் உலோகத்தில் 100 பங்கைத் தாண்டக் கூடாது. அமெரிக்கா 2008-ல் கொண்டுவந்த நுகர்வோர் பொருள் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் அப்படிச் சொல்கிறது. 12 வயது வரையிலான குழந்தைகளுக்கான எல்லாப் பொருளுக்கும் இது பொருந்தும். அதனால் பட்டன், ஜிப், நெஞ்சில் அடிக்கும் பொம்மை பிரின்ட் என்று ஒவ்வொன்றும் லேபுக்குப் போய் ரிப்போர்ட்டோடு திரும்ப வேண்டும். ரிப்போர்ட் இல்லையென்றால் பையர் சரக்கை எடுக்க மாட்டார். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள்.

அதே கம்பெனியில் செக்கிங் முடித்துவிட்டு வீடு திரும்பும் ஒரு தொழிலாளியின் ஜன்னலுக்கு வருவோம். திருப்பூர் மாவட்டத்தில் மடத்துக்குளம் வட்டத்தில் இருக்கிறது கணியூர் பேரூராட்சி. அமராவதிப் பாசனம், நெல், கரும்பு, தென்னை ஒரு பக்கம். மில்லையும் பனியன் கம்பெனியையும் நம்பிய குடும்பங்கள் இன்னொரு பக்கம். ஓட்டு வீடும் புது மாடி வீடும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் ஊர். தை பிறக்கும் முன் வீட்டைப் புதுசாக்குவது கொங்கு நாட்டு வழக்கம். தாத்தா காலத்துக் கதவு, கம்பி வைத்த மர ஜன்னல், கேட் என எல்லாவற்றிலும் அடுக்கடுக்காக ஏறியிருக்கும் எனாமல் பெயின்ட்டை ஸ்கிராப்பரால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்துப் புது பெயின்ட் அடிப்பார்கள். அந்தத் தூள் திண்ணையில் விழும். திண்ணையில்தான் குழந்தை தவழும்.

பட்டனுக்குக் கேட்ட கேள்வியை இந்தத் தூளுக்கு இங்கே யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று சட்டமும் இல்லை.

எந்த ஈயம்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு, பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது, இவையெல்லாம் வெள்ளீயம். ஆங்கிலத்தில் டின். (வெள்ளீயம் என்று சொல்லி காரீயம் கலந்த சொம்பை விற்பவர்களும் உண்டு. அது வேறு கதை.) பென்சில் முனையையும் ‘காரீயம்’ என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். அது கிராஃபைட், ஒருவகைக் கரி. இங்கே பேசுவது நிஜக் காரீயத்தைப் பற்றி. பழைய பேட்டரிக்குள் இருக்கும் கனமான உலோகம், ஆங்கிலத்தில் லெட்.

அது ஏன் பெயின்ட்டுக்குள் வந்தது? பெயின்ட்காரர்களுக்கு அது மூன்று விதத்தில் உதவியது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு போன்ற நிறங்கள் வெயிலில் வெளுக்காமல் பளிச்சென்று இருக்க லெட் குரோமேட் போன்ற நிறமிகள் பயன்பட்டன. பச்சை பெயின்ட்டிலும் மஞ்சளைக் கலக்க வேண்டியிருந்ததால் அதிலும் சேர்ந்துகொண்டது. எண்ணெய் பெயின்ட் சீக்கிரம் காய்வதற்குக் காரீய உப்புகளைச் சேர்த்தார்கள். இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கவும் பூசினார்கள்.

எனவே சந்தேகப்பட வேண்டியது முக்கியமாகக் கதவு, ஜன்னல், கிரில், கேட், தொட்டில், இரும்புக் கட்டில் ஆகியவற்றில் அடித்த எண்ணெய் பெயின்ட்டைத்தான். சுவரில் அடித்த சுண்ணாம்பில் இந்தப் பயம் பொதுவாக இல்லை. தண்ணீரில் கரைத்து அடிக்கும் எமல்ஷனிலும் குறைவுதான்.

டப்பாவுக்குச் சட்டம் உண்டு

இந்தியாவில் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. வீட்டு உபயோக, அலங்கார பெயின்ட்களில் காரீயத்தின் அளவை 90 பி.பி.எம்-க்குள் கட்டுப்படுத்தும் விதிகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016 நவம்பரில் வெளியிட்டது. ஓராண்டு அவகாசத்துக்குப் பிறகு 2017 நவம்பரில் உற்பத்திக்கான தடை நடைமுறைக்கு வந்தது. 90 பி.பி.எம் என்றால் ஒரு கிலோ பெயின்ட்டில் 90 மில்லிகிராம். சட்டை பட்டன் பூச்சுக்கு அமெரிக்கா வைத்த அதே எண். அந்த வரம்பைத் தாண்டவில்லை என்று டப்பாவின் லேபிளில் அச்சிடவும் வேண்டும்.

இந்த இடத்துக்கு வந்து சேரவே பல ஆண்டுகள் ஆகின. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் கிளார்க் குழுவினர் இந்தியா, சீனா, மலேசியாவில் விற்ற புது பெயின்ட்களைச் சோதித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். நான்கில் மூன்றுக்கும் மேற்பட்டவை அமெரிக்க வரம்பைத் தாண்டியிருந்தன. அப்போது அங்கே வரம்பு 600 பி.பி.எம். டெல்லியைச் சேர்ந்த ‘டாக்ஸிக்ஸ் லிங்க்’ அமைப்பு தொடர்ந்து கடைகளில் பெயின்ட் வாங்கிச் சோதித்துக்கொண்டே இருந்தது. பெங்களூரில் டாக்டர் துப்பில் வெங்கடேஷ் காரீய நச்சுக்கென்றே தேசிய ஆலோசனை மையத்தை நடத்தினார். ‘இந்தியாவின் லெட் மேன்’ என்றே அவரைக் குறிப்பிடுவார்கள். சில பெரிய கம்பெனிகள் சட்டம் வரும் முன்பே காரீயத்தை விட்டுவிட்டன. சிறிய பிராண்டுகள் சிலவற்றில் விதி வந்த பிறகும் வரம்பைத் தாண்டிய காரீயம் இருப்பதை டாக்ஸிக்ஸ் லிங்க் சோதனைகள் காட்டின.

ஆனால், இந்த விதிகள் பேசுவது புதிதாக வரும் பெயின்ட்டைப் பற்றி மட்டும்தான். அதிலும் வீட்டு பெயின்ட்டுக்கு மட்டும்தான், தொழிற்சாலை உபயோக பெயின்ட் இதற்குள் வராது. 1985-ல் அடித்து, 1996-ல் அதன்மேல் அடித்து, 2009-ல் மறுபடி அடித்த ஜன்னலைப் பற்றி விதிகளில் எதுவும் இல்லை. அதைச் சுரண்டுகிறவருக்கு என்ன பயிற்சி வேண்டும், தூளை எங்கே கொட்ட வேண்டும், சுரண்டிய பிறகு வீடு சுத்தமா என்று யார் பார்க்க வேண்டும் என்பதற்கும் பதில் இல்லை.

8 மணி நேர கிளாஸ், 5 வருட சர்ட்டிஃபிகேட்

அமெரிக்காவில் இந்தக் கேள்விகளைச் சுற்றி ஒரு தொழிலே இருக்கிறது. அங்கே வீட்டு உபயோகத்துக்குக் காரீய பெயின்ட்டைத் தடைசெய்தது 1978-ல். அதனால் 1978-க்கு முன் கட்டிய வீடு என்றாலே சந்தேக லிஸ்ட்டில் இருக்கும். 1992-ல் இதற்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். 2010 ஏப்ரல் 22 முதல், கூலி வாங்கிக்கொண்டு இப்படிப்பட்ட வீட்டில் பெயின்ட்டைக் கலைக்கும் எந்த நிறுவனமும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடமோ, அனுமதி பெற்ற மாநில அரசிடமோ சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்றானது. பெயின்டர், கார்பென்டர், பிளம்பர், ஜன்னல் மாற்றுகிறவர் என யாருக்கும் விலக்கு இல்லை. வீட்டுக்குள் ஓர் அறையில் 6 சதுர அடிக்கு மேல், வெளிப்புறத்தில் 20 சதுர அடிக்கு மேல் பெயின்ட் கலைந்தால் விதி பொருந்தும். ஜன்னலைப் பெயர்த்து மாற்றினால் அளவே பார்ப்பதில்லை.

இங்கே இரண்டு சான்றிதழ்கள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று நிறுவனத்துக்கு. கட்டணம் 300 டாலர், 5 ஆண்டுகள் செல்லும். இன்னொன்று ஆளுக்கு. நிறுவனத்தில் ஒருவராவது 8 மணி நேரப் பயிற்சியை முடித்து, ‘ரெனவேட்டர்’ சான்று வாங்கியிருக்க வேண்டும். மற்ற வேலையாட்களுக்கு அவர் சைட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாம். போர்டு மாட்டிய கம்பெனி இருந்து, கற்ற ஆள் இல்லையென்றால் செல்லாது. ஆள் இருந்து கம்பெனி பதிவு இல்லையென்றாலும் செல்லாது.

இது ரிப்பேர் வேலைக்கு. காரீயத்தை அடியோடு அகற்றுவதே வேலை என்றால் இன்னும் கடினம். சாதாரணத் தொழிலாளிக்கே 16 மணி நேரப் பயிற்சி. மேற்பார்வையாளருக்கு 32 மணி நேரம். வீட்டைச் சோதித்துச் சொல்லும் இன்ஸ்பெக்டருக்கு 24 மணி நேரம். ஆபத்து எவ்வளவு என்று மதிப்பிடுகிறவர் அதற்கு மேலும் 16 மணி நேரம் படிக்க வேண்டும். பரீட்சையும் உண்டு.

இன்ஸ்பெக்டர் கையில் துப்பாக்கி போல ஒரு கருவி இருக்கும், எக்ஸ்.ஆர்.எஃப் என்பார்கள். சுரண்டாமலே, கதவில் வைத்தால் அடி அடுக்கில் காரீயம் இருக்கிறதா என்று காட்டும். நகைக்கடையில் வளையலை உள்ளே வைத்தால் எத்தனை கேரட் என்று சொல்லும் மெஷினுக்கும் இதே தொழில்நுட்பம்தான். நம் ஊரில் தங்கத்துக்கு மட்டும் அந்த மரியாதை!

வேலையைத் தொடங்கும் முன் வீட்டுக்காரருக்கு எச்சரிக்கைக் கையேட்டைக் கொடுக்க வேண்டும். தரையில் பிளாஸ்டிக் ஷீட் விரிக்க வேண்டும். தீயால் பெயின்ட்டைப் பொசுக்குவது தடை. தூளை உறிஞ்சும் ஏற்பாடு இல்லாத சாண்டிங் மெஷினுக்கும் தடை. முடிந்த பிறகு ஈரமான வெள்ளைத் துணியால் தரையைத் துடைத்து, அந்தத் துணியின் நிறத்தை ஒரு கார்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதைவிட அழுக்காக இருந்தால் மறுபடி துடைக்க வேண்டும். ரெக்கார்டுகளை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அகற்றும் வேலை என்றால் துணி போதாது, தூளை எடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். தரையில் ஒரு சதுர அடிக்கு 5 மைக்ரோகிராம் என்ற அளவுக்கு அந்த வரம்பை 2024 அக்டோபரில் குறைத்தார்கள்.

5 மைக்ரோகிராம் என்பது எவ்வளவு? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூற்றில் ஒரு பங்கு காரீயம் உள்ள பழைய பெயின்ட் தூள் ஒரே ஒரு கிராம் இருந்தால், அதில் காரீயம் மட்டும் 10,000 மைக்ரோகிராம். 2,000 சதுர அடித் தரை முழுவதையும் அந்த வரம்புக்குக் கொண்டுபோக அது போதும். ஒரு ஜன்னலைச் சுரண்டினால் கிராம் கணக்கில் இல்லை, கைப்பிடிக் கணக்கில் தூள் விழுகிறது.

விதி இருந்தால் மட்டும் போதுமா? ஹோம் டிப்போ என்ற பெரிய கடை, சான்றிதழ் இல்லாத துணை ஒப்பந்தக்காரர்களை வைத்து வீடுகளில் வேலை செய்ததாக எழுந்த வழக்கில் 2020 டிசம்பரில் 2.075 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. அன்றைய மதிப்பில் சுமார் 150 கோடி ரூபாய். இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டைத் தானே சுரண்டிக்கொள்பவரை இந்தச் சான்றிதழ் விதி தொடுவதில்லை.

தமிழ்க் குடும்பங்கள் நிறைய வசிக்கும் நியூ ஜெர்சியில் 2022 ஜூலை முதல் இன்னொரு விதியும் இருக்கிறது. 1978-க்கு முன் கட்டிய பெரும்பாலான வாடகை வீடுகளுக்குக் காரீய பெயின்ட் சோதனை கட்டாயம். பாதுகாப்பானது என்று தரும் சான்று 2 ஆண்டுகள் செல்லும். அங்கே இருக்கும் உங்கள் மகனோ மகளோ பழைய வீட்டில் வாடகைக்கு இருந்தால், வீட்டுக்காரரிடம் அந்தச் சான்றைக் கேட்கச் சொல்லலாம்.

தூளை முதலில் சுவாசிப்பவர்

குழந்தைகளைப் பற்றிப் பேசும் முன் பெயின்டரைப் பற்றிப் பேச வேண்டும். ஏணியில் நின்று முகத்துக்கு நேரே தூளைத் தட்டிவிடுகிறவர் அவர்தான். வெண்காரீயம் கலந்த பெயின்ட்டைக் கட்டடங்களின் உட்புறத்தில் அடிக்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை போட்டது 1921-ல். பெயின்டர்களுக்கு என்ன ஆகிறது என்பது அப்போதே தெரிந்த விஷயம்.

2025 வரை நடைமுறையில் இருந்த நம் தொழிற்சாலைகள் சட்டத்தில் காரீய நச்சு, கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. அப்போதைய ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலிலும் அது இருந்தது. ஆனால், கணியூரில் ஒரு வாரம், கொழுமத்தில் மூன்று நாள் என்று வேலைக்குப் போகும் பெயின்டர் தொழிற்சாலைத் தொழிலாளி அல்ல. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பெயின்டர்களும் பதிந்துகொள்ளலாம். விபத்து, கல்வி, ஓய்வூதியம் என உதவிகள் உண்டு. பெயின்டர்களுக்குத் தொழிற்பயிற்சியும் சான்றிதழும் தர ‘பெயின்ட்ஸ் அண்ட் கோட்டிங்ஸ் ஸ்கில் கவுன்சில்’ என்ற அமைப்பும் நாட்டில் இருக்கிறது. இருந்தும், பழைய வீட்டைத் தொட இந்தச் சான்று கட்டாயம் என்ற நிலை இல்லை. 8 மணி நேரப் பயிற்சி என்பது ஒரே ஒரு நாள். நல வாரியமும் பேரூராட்சிகளும் நினைத்தால், பொங்கல் சீசனுக்கு முன் ஊருக்கு ஒரு நாள் நடத்திவிடக்கூடிய விஷயம்தான்.

பெயின்டர் அந்தத் தூளோடு வீட்டுக்கும் போகிறார். சட்டையில், தலைமுடியில், வண்டி சீட்டில். ஓடி வந்து கட்டிக்கொள்ளும் குழந்தைக்கு அதிலும் ஒரு பங்கு கிடைக்கிறது.

குழந்தைக்கு ஏன் அதிகம்?

விழுங்கும் காரீயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்றும் சொல்கிறது. மூளை வளரும் வயதில் கற்றல், கவனம், நடத்தை ஆகியவற்றைப் பாதிக்கும். எலும்பில் போய்த் தங்கி, பல வருடம் கழித்துக் கர்ப்ப காலத்தில் ரத்தத்துக்குத் திரும்பவும் வரும். பெரும்பாலும் வெளியே தெரியும் அறிகுறி எதுவும் இருக்காது. அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை.

சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான 756 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 2009-ல் வெளியானது. அவர்களின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்குச் சராசரியாக 11 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருந்தது. அளவு கூடக் கூட, கவனச்சிதறல், பதற்றம் போன்ற நடத்தைச் சிக்கல்களும் கூடின. 5 மைக்ரோகிராமை எட்டினாலே காரணத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். உலகம் முழுவதும் சுமார் 80 கோடிக் குழந்தைகள் அந்த 5-ஐத் தாண்டியிருக்கலாம், அவர்களில் 27.5 கோடிப் பேர் இந்தியாவில் என்றது யுனிசெஃபும் ‘ப்யூர் எர்த்’ அமைப்பும் வெளியிட்ட 2020 அறிக்கை. எல்லாமே பெயின்ட்டால் வந்தது அல்ல. பழைய பேட்டரி உருக்கும் பட்டறைகள், கலப்பட மசாலா, சில பாத்திரங்கள் என்று பல வழிகள் இருக்கின்றன. வீட்டுக்காரர் கையில் இருக்கும் வழி என்றால் அதில் பெயின்ட் முக்கியமானது.

பொங்கலுக்கு முன் என்ன செய்யலாம்?

முதல் கேள்வி, சுரண்டத்தான் வேண்டுமா? பெயின்ட் உரியாமல், வெடிக்காமல் கெட்டியாக இருந்தால் சும்மா விடுவதே நல்லது. ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு அதன்மேல் புது பெயின்ட் அடித்து மூடிவிடலாம். தொந்தரவு செய்யாத வரை காரீயம் பெரும்பாலும் கதவோடு கிடக்கும். ஜன்னல் கதவு சட்டத்தில் உரசும் இடம் மட்டும் விதிவிலக்கு. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அங்கே தூள் உதிரும்.

உரிந்துகொண்டிருந்தால் ஈரப்படுத்திச் சுரண்ட வேண்டும். பெயின்டரிடம் சங்கடப்படாமல் கேட்கலாம். “அண்ணா, சுரண்டறதுக்கு முன்னாடி தண்ணி தெளிச்சுக்கலாங்களா? வீட்ல சின்னப் பையன் இருக்கானுங்க” என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மரம் ஈரமானால் பெயின்ட் பிடிக்காது என்று அவர் தயங்கினால், அதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு நாள் காயவிட்டு அடிக்கச் சொல்லி, அந்த ஒரு நாள் கூலியைப் பேசிக்கொள்வதுதான் வழி. உப்புத்தாளுக்குப் பதில் வாட்டர் பேப்பர் போட்டு நனைத்துத் தேய்க்கலாம். சுவிட்ச் போர்டு பக்கம் மட்டும் தண்ணீர் வேண்டாம். புளோ லாம்ப் வைத்துப் பொசுக்குவதை அனுமதிக்கவே கூடாது. தூளைவிடப் புகை மோசம்.

குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த இரண்டு மூன்று நாள் பாட்டி வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கட்டும். அது முடியாவிட்டால், அந்த அறையை மூடிவைத்து அவர்களை உள்ளே விடாமல் இருப்பது அவசியம். வேலை நடக்கும் இடத்தில் பிளாஸ்டிக் ஷீட் விரிக்க வேண்டும். சட்டி, பானை, தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை எல்லாம் வெளியே. பெயின்டருக்குத் துணி மாஸ்க் போதாது, நுண்துகளை வடிகட்டும் என்-95 வகை வாங்கிக் கொடுக்கலாம். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ, வேலை முடிந்ததும் சட்டையை மாற்ற ஓர் இடம் காட்டினால் அவர் வீட்டுக் குழந்தைக்கும் நல்லது. பீடியை அந்தக் கையால் பிடிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

முடிந்ததும் விளக்குமாற்றைத் தொடாதீர்கள். கூட்டினால் தூள் எழும்பி வேறு இடத்தில் படியும். திருப்பூர்ப் பக்கம் பனியன் வேஸ்ட்டுக்குப் பஞ்சமில்லை. சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடைத்து, அந்தத் துணியை அலசித் திரும்பப் பயன்படுத்தாமல் தூக்கிப்போட்டு, புதுத் துணியால் மறுபடி துடைக்க வேண்டும். துணி அழுக்காகாமல் வரும் வரைக்கும் துடைக்கலாம். அமெரிக்காக்காரர் கார்டு வைத்துப் பார்ப்பதும் இதைத்தான்.

புது டப்பா வாங்கும்போது ‘காரீயம் 90 பி.பி.எம்-ஐத் தாண்டாது’ என்ற வரியும், தயாரிப்பாளர் பெயரும், தயாரித்த மாதம், வருடமும் லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் ஓரமாகக் கிடக்கும் பழைய ஸ்டாக் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். கேட்டுக்கு என்று வாங்கிய தொழிற்சாலை உபயோக பெயின்ட் மிச்சமிருந்தால், அதைத் தொட்டிலுக்கோ ஊஞ்சலுக்கோ அடிக்காதீர்கள்.

வீட்டில் ஏற்கெனவே நிறையச் சுரண்டியாகிவிட்டது, குழந்தை அங்கேதான் விளையாடியது என்றால் குழந்தைகள் நல மருத்துவரிடம் சொல்லுங்கள். ‘பிளட் லெட் லெவல்’ என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. தானாக மருந்து வாங்கிக் கொடுக்கும் விஷயம் அல்ல இது. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தையின் உடல் காரீயத்தை அதிகம் உறிஞ்சும் என்பதால் ராகிக்களி, முருங்கைக்கீரை, பால் ஆகியவை தட்டில் இருப்பது நல்லது. அவை தடுப்பு மட்டும்தான், சிகிச்சை அல்ல.

கடைசியாக, சுரண்டிய தூளும் கழற்றிய பழைய ஜன்னல் சட்டமும். தூளைத் தோட்டத்திலோ, வாய்க்காலிலோ, மாட்டுக் கொட்டகைப் பக்கமோ கொட்டக் கூடாது. தடிமனான பையில் இறுகக் கட்டி, தனியாகப் பேரூராட்சித் தூய்மைப் பணியாளரிடம் என்ன என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். கட்டையை வெந்நீர் அடுப்பில் வைப்பதும், போகிக்கு எரிப்பதும் வேண்டவே வேண்டாம். பெயின்ட் அடித்த மரம் எரியும்போது காரீயம் புகையாகப் போய், மிச்சம் சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலை எடுத்துப் பாத்திரம் விளக்கும் வீடுகள் இன்னமும் இருக்கின்றன.